பட்டமும் கைத்திறனும்: அளவுகோல் யார் கையில்?

“பட்டத்தைப் பார்க்காதீர்கள், தொழில் தெரிந்தவனா என்று பாருங்கள்” என்னும் குரல் இன்று பல நாடுகளில் உரத்து ஒலிக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 2020 ஜூன் மாதத்தில் ஜனாதிபதி ட்ரம்ப் பிறப்பித்த ஆணையொன்று, மத்திய அரசாங்க உத்தியோகங்களுக்கு ஆட்களைத் தெரிவு செய்யும்பொழுது கல்வித் தகைமையைக் காட்டிலும் வேலைத் திறனுக்கே முதன்மை கொடுக்கும்படி பணித்தது. 2022இல் மேரிலண்ட் மாநிலம் ஆயிரக்கணக்கான அரசாங்க வேலைகளுக்கு நான்காண்டுப் பட்டம் வேண்டுமென்ற விதியை நீக்கியது. 2023 ஜனவரியில் பென்சில்வேனியாவின் புதிய ஆளுநர் தமது முதலாவது ஆணையினால், அம்மாநில அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு 92க்கு, அதாவது ஏறத்தாழ 65,000 பதவிகளுக்கு, பட்டம் கட்டாயமன்று என அறிவித்தார். ஐ.பி.எம். போன்ற பெருங் கம்பனிகளும் இதே பல்லவியைப் பாடுகின்றன. எமது நாட்டிலும் தொழிற்பயிற்சி பற்றிய மேடைகளில் இதன் எதிரொலியைக் கேட்கின்றோம்.

உழைப்பின் பெருமையை ஏற்போர் இக்குரலைக் கேட்டதும் மகிழ்வது இயல்பே. கைகளால் உலகை ஆக்குகின்றவனுக்குத் தாளொன்று இல்லாமையால் மதிப்பில்லை என்னும் அநீதியை நாம் நெடுங்காலமாகக் கண்டித்து வந்திருக்கின்றோம். எனினும், ஒரு கோஷம் எமது கோஷத்தைப் போல ஒலிப்பதனால் மாத்திரம் அது எமது கோஷமாகிவிடாது. திறனைப் போற்றுவோம் என்பவர்கள் திறனுக்குரிய சம்பளத்தையும் உயர்வையும் கொடுக்கின்றனரா? திறன் உண்டா இல்லையா என்று தீர்ப்பளிப்பவர் யார்? அத்தீர்ப்பைத் தட்டிக் கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டா? இவ்வினாக்களை எழுப்பிய பின்னரே கோஷத்தின் உள்ளீடு எமக்குப் புலனாகும்.

பட்டம் பல இடங்களிற் பொய்யான அளவுகோலாக வழங்கி வருகின்றது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உற்பத்தி மேற்பார்வையாளர் வேலைக்கு 2015இல் வெளிவந்த விளம்பரங்களில் நூற்றுக்கு 67 பட்டதாரிகளையே கேட்டன. ஆனால் அவ்வேலையில் அப்பொழுது இருந்தவர்களுள் பட்டம் பெற்றவர் நூற்றுக்கு 16 பேரே என ஹாவார்ட் வணிகக் கல்லூரி சம்பந்தப்பட்ட ஆய்வொன்று 2017இல் எடுத்துக் காட்டியது. பட்டமில்லாத பெரும்பான்மையோர் நாள்தோறும் செவ்வனே செய்துவந்த வேலைக்கு, புதிதாக வருபவனிடம் பட்டம் கேட்கப்பட்டது. வேலை மாறவில்லை, வாயிலே குறுக்கப்பட்டது.

இந்நோயை முறையாக ஆராய்ந்தவர்களுள் பிரித்தானியச் சமூகவியலாளர் றொனால்ட் டோர் முக்கியமானவர். 1976இல் வெளிவந்த, ‘சான்றிதழ் நோய்’ எனத் தமிழிற் குறிப்பிடத்தக்க அவரது நூல், இங்கிலாந்து, யப்பான், கென்யா ஆகிய நாடுகளுடன் இலங்கையையும் உதாரணமாகக் கொண்டு எழுதப்பட்டது. ஆதலின் எமது ஆசிரியர்களும் மாணவர்களும் அதனை வேற்று நாட்டார் விவகாரமென ஒதுக்கிவிட முடியாது. நவீன வளர்ச்சிப் பாதையிற் பிந்திப் புகுந்த நாடுகளில் உத்தியோகத்துக்கு ஆளெடுக்கும் கருவியாகச் சான்றிதழ் கூடுதலாகப் பயன்படுகின்றது. அதனாற் பாடசாலை அறிவூட்டும் இடமாக இருப்பதை விடுத்துப் பரீட்சைக்குத் தயாராக்கும் இடமாகக் குறுகுகின்றது என்பதே டோரின் வாதம். எழுதுவினைஞர் வேலைக்குப் போதுமாயிருந்த தராதரப் பத்திரத்தைப் பெற்றவர் தொகை, வேலைகளின் தொகையிலும் பெருகுமாயின், தொழில்கொள்வோர் அடுத்த உயர் பத்திரத்தைக் கேட்பர். முன்னைய பத்திரம் பெற்றவர் சிற்றூழியர் வேலைக்கு இறங்கிவருவர். அப்பத்திரமும் இல்லாதவர் வெளியே தள்ளப்படுவர். ஒரு படியேனும் கற்பதற்குக் கூடுதலாக எதனையும் வேண்டாத அதே வேலைக்கு, ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போகும் விலையை ஏழைப் பெற்றோர் செலுத்த நேர்கின்றது. இந்த விளக்கம் எமது அநுபவத்தோடு பொருந்துவதை எவரும் மறுக்கமாட்டார்.

டோரின் நோய் விளக்கம் வலிமையானது. ஆனால் அவர் கூறும் மருந்தை நாம் அவ்வாறே ஏற்பதற்கில்லை. இளைஞரைக் குறைந்த வயதிலேயே வேலைக்குச் சேர்த்தல் வேண்டும். மேற்படிப்பை வேலையில் இருந்தவாறே பெறச் செய்தல் வேண்டும். கற்றதை ஒப்புவிக்கும் பரீட்சைக்குப் பதிலாக இயல்பான ஆற்றலை அளக்கும் சோதனைகளைப் பயன்படுத்தலாம் என்பன அவருடைய ஆலோசனைகளுட் சில. பாடசாலையைப் பரீட்சையின் பிடியிலிருந்து விடுவிக்கும் நல்லெண்ணமே இவற்றின் அடிப்படை. எனினும் ஆற்றலை அளக்கும் சோதனையைத் தயாரிப்பவர் யார், அதனைப் பயன்படுத்துபவர் யார் என்னும் அதிகாரப் பிரச்சினைக்கு இங்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அவரது நூல் வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே, அமெரிக்க மின்னிலையமொன்றின் தொழிலாளர் தொடுத்த வழக்கு இப்பிரச்சினையை அம்பலத்துக்குக் கொண்டுவந்திருந்தது. அவ்வழக்கைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது.

வட கரோலினா மாநிலத்தில் டிறேப்பர் என்னும் ஊரில் டியூக் பவர் கம்பனிக்குச் சொந்தமான டான் றிவர் மின்னிலையம் இருந்தது. அங்கு ஐந்து பிரிவுகள். அவற்றுள் அடிநிலைப் பிரிவு கூலிவேலைப் பிரிவு. கறுப்பினத்தவர் அந்த ஒரு பிரிவிலேயே அமர்த்தப்பட்டனர். அப்பிரிவின் ஆகக்கூடிய சம்பளம், வெள்ளையர் மாத்திரம் வேலை செய்த ஏனைய நான்கு பிரிவுகளின் ஆகக்குறைந்த சம்பளத்திலும் குறைவாக இருந்தது. 1955இல் கம்பனி, கூலிவேலைப் பிரிவு தவிர்ந்த பிரிவுகளிற் சேர்வதற்கு உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழ் வேண்டும் என விதித்தது. இவ்விதிக்கு முன்னர் சான்றிதழ் இன்றிச் சேர்ந்திருந்த வெள்ளைத் தொழிலாளர் தொடர்ந்து வேலை செய்தனர், திருப்திகரமாகவே செய்தனர், பதவி உயர்வும் பெற்றனர்.

வேலைவாய்ப்பில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் சிவில் உரிமைச் சட்டம் 1964இல் நிறைவேறி, 1965 ஜூலை 2ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. கறுப்பினத்தவரைக் கூலிவேலைப் பிரிவில் அடைத்துவைக்கும் பகிரங்க வழக்கத்தைக் கம்பனி அவ்வாண்டில் கைவிட நேர்ந்தது. ஆனால் அப்பிரிவிலிருந்து வெளியேறுவதற்கும் இனிமேற் சான்றிதழ் வேண்டும் என்றது. சட்டம் நடைமுறைக்கு வந்த அதே தினத்தில், புதிதாகச் சேர்வோர் சான்றிதழுடன் இரண்டு ஆற்றற் சோதனைகளிலும் தேறல் வேண்டும் என்னும் விதியையும் கொண்டுவந்தது. சான்றிதழில்லாத பழைய தொழிலாளர் அச்சோதனைகளிற் தேறினால் மாற்றம் பெறலாம் எனச் செப்டெம்பரிற் சலுகை காட்டியது. ஒரு சோதனை பன்னிரண்டு நிமிடங்களில் ஐம்பது வினாக்களைக் கொண்ட பொது அறிவாற்றற் சோதனை. மற்றையது இயந்திரங்கள் பற்றிய விளக்கத்தை அளப்பது. உயர்நிலைப் பாடசாலையை முடித்தவர்களிலேயே ஏறத்தாழப் பாதிப்பேர் தேற முடியாத அளவுக்குப் புள்ளிகள் விதிக்கப்பட்டன. இவ்விரு சோதனைகளும் நிலக்கரி தள்ளுவதற்கோ கொதிகலனைப் பராமரிப்பதற்கோ வேண்டிய திறனை அளப்பதற்கென ஆக்கப்பட்டவை அல்ல.

1960ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அம்மாநிலத்தில் உயர்நிலைப் பாடசாலையை முடித்த வெள்ளை ஆடவர் நூற்றுக்கு 34. கறுப்பின ஆடவர் நூற்றுக்கு 12. தாழ்ந்த பாடசாலைகளைக் கொடுத்து ஒரு மக்களைக் கல்வியிற் பின்தள்ளியவர்களே, பின்னர் கல்வித் தகைமையைக் கேட்டு அவர்களை வாயிலில் நிறுத்தினர். அம்மின்னிலையத்தின் 95 தொழிலாளருள் 14 பேரே கறுப்பினத்தவர். அவர்களுள் வில்லி கிறிக்ஸ் உள்ளிட்ட 13 பேர் வழக்குத் தொடுத்தனர். கம்பனிக்குத் தீய நோக்கம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்னும் நியாயம் கீழ்நிலை நீதிமன்றங்களில் எடுபட்டது. ஆனால் 1971 மார்ச் 8ஆம் திகதி, விசாரணையிற் பங்குகொண்ட உயர் நீதிமன்ற நீதியரசர் எண்மரும் ஒருமனதாகத் தொழிலாளர் பக்கம் தீர்த்தனர். தீர்ப்பை எழுதிய பிரதம நீதியரசர் வாரன் பேர்கர் இடதுசாரி அல்லர். நிக்சன் ஜனாதிபதியினால் நியமிக்கப்பட்டவர். அவரே நரிக்கும் கொக்குக்கும் பொருந்தாப் பாத்திரத்தில் உணவு வைத்த பழங்கதையை நினைவூட்டி, வெளித்தோற்றத்தில் யாவருக்கும் சமமான விதி போதாது என எழுதினார். ஒரு நிபந்தனை ஓரினத்தவரை வெளியே நிறுத்துமாயின், அது வேலையோடு உண்மையில் தொடர்புடையது என்பதைக் காட்டும் பொறுப்புத் தொழில்கொள்வோனுடையது. தீய நோக்கம் இருக்கவில்லை என்பது அதற்கு விடையாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இவ்வழக்கிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? டான் றிவரில் மதிலாக நின்றது சான்றிதழ் மாத்திரமன்று. சான்றிதழுக்கு மாற்றெனக் காட்டப்பட்ட ஆற்றற் சோதனையும் அதே மதிலின் இன்னொரு கல்லாகவே அமைந்தது. சான்றிதழை நீக்கிச் சோதனையை வைத்தால் நீதி கிடைத்துவிடும் என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். அளவுகோல் காகிதத்தில் இருப்பினும், கைத்திறனில் இருப்பினும், அதனைத் தனியே பிடித்திருப்பவன் முதலாளியாயின் அளவும் அவனுக்கு வாய்ப்பாகவே விழும். அந்தப் பதின்மூவர் பெற்ற வெற்றி சான்றிதழின் தோல்வி என்பதிலும், அளவுகோலைக் கேள்விக்குள்ளாக்கும் உரிமையின் வெற்றி என்பதே பொருத்தமானது.

அங்கு இனத்துக்கு இருந்த இடம் எமது சமுதாயத்திற் சாதிக்கு உண்டு. ஆகவே கைத்திறன் என்னும் சொல்லை நாம் கையாளும்பொழுது இன்னும் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். தமிழர் மத்தியில் தொழிற்றிறன் நீண்ட காலமாகப் பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்தது. தச்சன் மகன் தச்சன், வண்ணான் மகன் வண்ணான் என்பதே நியதி. சென்னை மாகாணத்தில் 1953இல் இராஜகோபாலாச்சாரியார் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளின் பாடசாலை நேரத்தை மூன்று மணித்தியாலங்களாகக் குறைத்து, எஞ்சிய பொழுதிற் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. உள்ள ஆசிரியரைக் கொண்டு கூடுதலான பிள்ளைகளுக்குக் கல்வியூட்டலாம் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். தொழிலுக்கு மதிப்பளித்தல் என்ற அழகிய சொல்லும் அதனுடன் வந்தது. மக்களோ அதனைக் குலக்கல்வித் திட்டம் என இனங்கண்டனர். பெரியார் தலைமையில் எழுந்த எதிர்ப்பின் நடுவே 1954இல் இராஜகோபாலாச்சாரியார் பதவி விலகினார். அவரையடுத்து முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

யாழ்ப்பாணத்து வரலாறும் இதனையே சொல்கின்றது. தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் வகுப்பறையில் நிலத்தில் இருத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. சம ஆசனம் வழங்கவேண்டுமென்ற கட்டளையை எதிர்த்து, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. அந்த வாங்கில் அமர்வதற்காகப் போராடிய மக்களுக்குச் சான்றிதழ் என்பது வெறும் காகிதமன்று. பிறப்பைக் கேளாமல் தம் பெயரை எழுதித் தந்த முதலாவது பத்திரம் அது. அவர்களிடம் சென்று, பட்டம் எதற்கு, உமது கைத்தொழில் இருக்கின்றதே என்று உபதேசிப்பவன், தான் அறிந்தோ அறியாமலோ பழைய சிறைக்கூடத்தின் கதவையே மீண்டும் சாத்துகின்றான்.

இச்சந்தேகம் தீராத நாட்டில், ஊதிய ஏணியை மாற்றாமற் பாடத்திட்டத்தை மாத்திரம் மாற்றினால் என்ன நிகழும் என்பதற்கு 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் சான்றாகும். 1971 ஏப்ரலிற் படித்த கிராமத்து இளைஞர் ஆயுதமேந்தி எழுந்தனர். அதே ஆண்டு டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழு, இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் இடையிலான முரண்பாட்டை முன்வைத்து அறிக்கை தந்தது. 1972இல் அன்றைய ஐக்கிய முன்னணி அரசாங்கம் பழைய சாதாரண தரப் பரீட்சையை அகற்றித் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழை ஏற்படுத்தியது. தொழில்முன் பாடங்களைக் கட்டாயமாக்கியது. பிள்ளைகள் தம் பிரதேசத்துத் தொழில்களை அறிதல் வேண்டும் என்னும் நோக்கம் குறைகூறத்தக்கதன்று. இடதுசாரிக் கட்சிகளும் பங்குகொண்ட அரசாங்கம் அது என்பதனால் இதனை விமர்சிக்கும் கடமை எமக்குக் கூடுதலாக உண்டு.

மட்பாண்டமோ மீன்பிடியோ கற்ற மாணவனுக்கு அத்தொழிலில் உத்தியோகத்தனின் சம்பளமும் பாதுகாப்பும் கிடைக்குமா என்ற வினாவுக்குச் சீர்திருத்தத்தில் விடை இருக்கவில்லை. அதே ஆண்டுகளில் மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ் மாணவருக்குப் பல்கலைக்கழக வாயிலைக் குறுக்கியது. இந்நிலையில், எமது பிள்ளைகளை மேலே போகவிடாமற் தொழிலுக்குத் திருப்புகின்றார்கள் என்று பெற்றோர் ஐயுற்றதில் வியப்பில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் பழைய பரீட்சைகள் மீண்டன. தொழில்முன் பாடங்கள் மறைந்ததற்காக மக்கள் வீதியில் இறங்கவில்லை.

இது பெற்றோரின் அறியாமை எனச் சிலர் இன்றும் பேசுகின்றனர். கானா நாட்டை ஆராய்ந்த பிலிப் பொஸ்டர் 1965இலேயே இதற்கு விடை கூறிவிட்டார். எழுத்துக் கல்வி உயர்ந்த சம்பளமுள்ள உத்தியோகத்துக்கு இட்டுச் செல்லும்வரை, மக்களின் கண்ணில் அதுவே மிகச் சிறந்த தொழிற்கல்வி. பாடத்திட்டத்தை மாற்றி அவர்களின் விருப்பத்தை மாற்ற முடியாது என்றார் அவர். எமது நாட்டுத் தாய் கணக்குத் தெரியாதவள் அல்லள். அரசாங்க எழுதுவினைஞனுக்கு ஓய்வூதியம் உண்டு. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தபோதிலும், வாகனத் திருத்துமிடத்திலும் தச்சுப் பட்டறையிலும் நாட்கூலிக்கு உழைப்போருட் பலரின் பெயரில் அந்நிதிக்கு ஒரு சதமும் செலுத்தப்படுவதில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தே அவள் பிள்ளையைத் தனியார் வகுப்புக்கு அனுப்புகின்றாள்.

இனி, தொடக்கத்திற் குறிப்பிட்ட அமெரிக்க அறிவிப்புகள் அளித்த பயன் யாதென நோக்குவோம். பட்டம் வேண்டுமென்ற நிபந்தனை நீக்கப்பட்ட வேலைகளின் தொகை 2014க்கும் 2023க்கும் இடையில் ஏறத்தாழ நான்கு மடங்காகியது. ஹாவார்ட் வணிகக் கல்லூரியும் பேர்ணிங் கிளாஸ் நிறுவனமும் 2024இல் வெளியிட்ட ஆய்வோ, இம்மாற்றத்தினால் உண்மையில் வேலை பெற்றவர் முந்திய ஆண்டு சேர்க்கப்பட்டோரில் எழுநூறு பேருக்கு ஒருவர்கூட இல்லை எனக் கண்டது. ஆராயப்பட்ட கம்பனிகளில் நூற்றுக்கு 45 விளம்பரத்தை மாற்றின. ஆட்களைச் சேர்க்கும் முறையை மாற்றவில்லை. நூற்றுக்கு 18 சிறிது மாற்றிய பின் பழைய வழிக்கே திரும்பின. சொன்னபடி செய்தவை நூற்றுக்கு 37. அத்தகைய இடங்களிற் சேர்ந்த பட்டமில்லாதோரின் சம்பளம் கணிசமாக உயர்ந்தது என்பதையும் அவ்வாய்வு காட்டுகின்றது. எனவே இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சொல்வதற்கில்லை. செய்ய முடிந்ததைப் பெரும்பாலோர் செய்யவில்லை என்பதே உண்மை.

இதனிலும் கவனத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. 2020இல் திறனுக்கு முதன்மை கொடுக்கும் ஆணையிற் கையொப்பமிட்ட அதே ஜனாதிபதி, 2025 ஏப்ரலில் இன்னோர் ஆணையிற் கையொப்பமிட்டார். வெளித்தோற்றத்திற் சமமாயிருந்து விளைவிற் பாகுபாடு செய்யும் விதிகளுக்கு எதிரான சட்டங்களை அமுல்படுத்துவதைப் பின்தள்ளுமாறு அது மத்திய அரசாங்கத் திணைக்களங்களைப் பணித்தது. டான் றிவர்த் தொழிலாளர் பெற்ற தீர்ப்பும், அக்கோட்பாட்டை உறுதிசெய்த 1991ஆம் ஆண்டுச் சட்டமும் இன்னும் ஏட்டில் இருக்கின்றன. ஆனால் அவற்றைக் காக்கவேண்டிய அரசாங்கத்தின் கை தளர்த்தப்பட்டது. பட்டத்தை நீக்கும் கையும், அளவுகோலைத் தட்டிக் கேட்கும் உரிமையைப் பலவீனப்படுத்தும் கையும் ஒரே கையாய் இருக்கும்பொழுது, கோஷத்தை மாத்திரம் நம்புவது பேதைமையாகும்.

அவ்வாறாயின் நாம் பட்டத்தின் பக்கம் நிற்பதா? அதுவுமன்று. சத்திரசிகிச்சை செய்பவருக்கும் பாலம் கட்டுபவருக்கும் முறையான கல்வி இன்றியமையாதது. அங்கு தகைமைக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு வெளிப்படை. அத்தகைய தொடர்பு இல்லாத இடத்திற் தகைமையைக் கேட்பது அநீதி. இந்த வேறுபாட்டை நிலைநாட்டுவதற்கு எமது நாட்டில் அடித்தளம் இல்லாமல் இல்லை. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு அமைந்தது. தேசிய தொழிற் தகைமை ஏழு படிகளைக் கொண்டது. ஏழாம் படி பட்டத்துக்குச் சமமானது. பாடநெறி எதனையும் பயிலாது, வேலை செய்தே தொழில் கற்றவரின் திறனைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் முறையும் அதில் உண்டு. 2016இற் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது. படிகள் ஏட்டில் வரையப்பட்டிருக்கின்றன. அப்படிகளில் ஏறுபவனுக்குச் சம்பளமும் மதிப்பும் உடன் ஏறுகின்றனவா என்பதே கேள்வி.

ஆகவே எமது கோரிக்கைகள் தெளிவாயிருத்தல் வேண்டும். முதலாவதாக, எந்தத் தகைமையைக் கேட்பினும் அது குறித்த வேலைக்கு ஏன் வேண்டும் என்பதைத் தொழில்கொள்வோர் காட்டுதல் வேண்டும். காட்ட முடியாவிடின் நீக்குதல் வேண்டும். இரண்டாவதாக, திறனைச் சோதிக்கும் குழுவில் அத்தொழிலை நன்கறிந்த தொழிலாளரும் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் இடம்பெறல் வேண்டும். மூன்றாவதாக, எந்த வாயிலால் வந்தவனாயினும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளமும், மேற்பதவிக்கு ஒரே வழியும் இருத்தல் வேண்டும். திறனுள்ளவனைப் பட்டமில்லை என்ற காரணத்தினால் மலிவாக வாங்குவதற்குத் திறன் வழிபாடு திரையாதல் கூடாது. நான்காவதாக, இவற்றின் பெயரால் எந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கும் முழுமையான பாடசாலைக் கல்வி ஓர் ஆண்டேனும் குறைக்கப்படல் ஆகாது. இலக்கியமும் விஞ்ஞானமும் வரலாறும் உத்தியோகத்துக்காக மாத்திரம் கற்பவையல்ல. தச்சனும் அவற்றுக்கு உரியவனே.

ஆசிரியர்களுக்கு இதிற் தனிப் பொறுப்புண்டு. நாளாந்தம் பிள்ளைகளை அளப்பவர்கள் அவர்களே. பரீட்சையிற் தோற்ற மாணவனைத் தொழிற்பயிற்சிக்குப் போ என்று ஆசிரியர் ஏளனமாகக் கூறும்வரை, மாணவர் தொழிலை ஒரு தண்டனையாகவே கருதுவர். முதல் மாணவனிடமும் இறுதி மாணவனிடமும் ஒரே குரலிற் தொழிலைப் பற்றிப் பேசும் ஆசிரியர், இச்சமுதாய மாற்றத்தின் ஒரு பகுதியைத் தமது வகுப்பறையிலேயே தொடங்கிவிடுகின்றார். எஞ்சிய பகுதி வகுப்பறைக்கு வெளியே, சம்பளச் சபையிலும் தொழிற்சங்கத்திலும் போராடிப் பெறவேண்டியது. திறனைப் போற்றி இனிமேல் வெளிவரும் ஒவ்வோர் அறிவிப்பையும் நாம் அதனோடு தொடர்புடைய சம்பளப் பட்டியலுடன் சேர்த்து வாசித்தல் வேண்டும்.